நகராத புள்ளி

மூன்று முறை கூப்பிட்டும் ஷாமினி நிமிர்ந்து பார்க்கவில்லை.

காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருக்கிறாளா என்றுதான் அமுதவள்ளி முதலில் பார்த்தாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அம்மா கூப்பிடுவது கேட்காமல் போக ஆயிரம் காரணம் உண்டு. பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இது தெரியாதா என்ன. ஆனால் காதில் ஒன்றுமில்லை. கைபேசி சோபாவில் கவிழ்ந்து கிடந்தது. தொலைக்காட்சி அணைந்திருந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் தாய்க்கு நேர் எதிரே, கை கழுவிய ஈரம்கூடக் காயாமல், வெறும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு சோற்றுப் பாத்திரம், ஒரு நெத்திலி சம்பல் கிண்ணம். அவ்வளவுதான் தூரம்.

"ஏய், உன்னத்தான். சம்பல் வைக்கவா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "என்னையா கேட்டீங்க?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க. அதான், ஃபோன்ல பேசுறீங்கன்னு நெனச்சேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அமுதவள்ளி சோற்றைப் போட்டாள். மகளின் முகத்தில் விளையாட்டு இல்லை. பசியோடு சாப்பிட்டாள், வெள்ளரிக்காயை ஒதுக்கினாள், எப்போதும்போல் தட்டை ஊறப்போடாமல் தொட்டியில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அந்த ஒன்றைத் தவிர.

வியாழக்கிழமை மாலை நாலு மணி. கிள்ளானில் பதினோராவது மாடி. பால்கனிக் கதவு வழியாகத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தூரத்தில் வரிசையாகத் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் கடல் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பாரந்தூக்கிகளில் ஒன்றில்தான் அவள் கணவன் சிவநேசன் உட்கார்ந்திருப்பான். ஏழு மணிக்கு வேலை முடியும். சேர்ந்தாற்போல் அடிக்கும் மழைக்கு முன் வருமே ஒரு புழுக்கம், அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது, காற்று நகரவில்லை. மீந்த சம்பலை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அமுதவள்ளி நின்ற இடத்திலேயே நின்றாள்.

இது முதல் தடவை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை, புதுப் புத்தகத்துக்கு உறை போட்டுவிட்டு, மகள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள். "ம்மா, என் பேருக்கு எத்தன எழுத்து?" என்று கேட்டாள். அமுதவள்ளி சிரித்தாள். திங்கட்கிழமை வகுப்பாசிரியை சந்திரகலா சுற்றுலாப் படிவம் பற்றி அழைத்தாள். "டீச்சர், உங்க மக இருக்காங்கள்ல, அவங்க, அடடா, நாக்கு நுனியில நிக்குது பாருங்க" என்று தடுமாறி, கடைசிவரை பெயரைச் சொல்லாமலே பேசி முடித்தாள். வருகைப் பதிவேட்டைத் தினம் பார்க்கும் ஆசிரியை அவள். நேற்று, குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த டியூஷன் அட்டவணையில் மகள் பெயர் எழுதிய மேல் வரி மட்டும் வெளிறிப் போயிருந்தது. எண்ணெய்க் கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றும் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடந்தவை. போன வெள்ளிக்கிழமைதான் அமுதவள்ளி அதைச் செய்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆசிரியையாக இருக்கும் தோழி ரோகிணிதான் அவளைச் சிறுகோள் தேடலில் சேர்த்துவிட்டவள். ஹவாய்த் தீவில் மலை உச்சித் தொலைநோக்கி ஒன்று எடுக்கும் படங்களை உலகமெங்கும் தன்னார்வலர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஒரு வானத் துண்டுக்கு நாலு படம், ஒவ்வொன்றும் சில நிமிட இடைவெளியில் எடுத்தது. கணினியில் அந்த நாலையும் மாற்றி மாற்றிக் காட்டச் செய்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டதுபோல் ஆயிரம் புள்ளிகள் இருக்கும். எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும், ஏதாவது ஒன்று மட்டும் எறும்புபோல் ஊரும். ஊர்ந்தால் சிறுகோள். நகராவிட்டால் நட்சத்திரம், அது நமக்கு வேண்டாம். முதல் நாள் ரோகிணி சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

சிவநேசனுக்கு இதை விளக்கியபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "எங்க வேலையில தலைகீழ் லா. தொங்குற பெட்டி ஆடுச்சுன்னா பயமே இல்ல, அது வேற எங்கயோ போவுது. ஆடாம அசையாம, பெருசாகிட்டே மட்டும் இருந்தா, ஓடணும். அது நம்ம தலைக்குத்தான் வருது."

ஏழு மாதம் பார்த்தாள். பள்ளி விட்டு வந்து, சமைத்து வைத்து, தினம் ஒரு மணி நேரம். எதற்கு இந்தப் பைத்தியம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள். கண்டுபிடிப்பு உறுதியானால், வருடங்கள் கழித்து அதற்கு ஒரு நிரந்தர எண் கிடைக்கும். எண் கிடைத்த பிறகு, கண்டுபிடித்தவர் ஒரு பெயரைச் சொல்லலாம். அதுதான் அவளுக்கு வேண்டும். சூரியன் இருக்கும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கல்லுக்கு வைக்க, அவளிடம் ஒரு பெயர் இருந்தது.

பதினாறு வருடத்துக்கு முன் அவளுக்கு முதலில் பிறந்தவள் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே தேர்ந்தெடுத்து வைத்த பெயர் ஷாமினி. முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டு, அத்தைக்காரி வலது காதில் மூன்று முறை சொன்னால்தான் அவர்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் சேரும். அதற்கு முன் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த நெகிழிப் பட்டையில், மலாயில், 'அமுதவள்ளியின் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது, கீழே ஓர் எண். மயானத்துப் பதிவிலும் அதுவேதான்.

இரண்டு வருடம் கழித்து இவள் பிறந்தாள். அமுதவள்ளி அதே பெயரைத்தான் வைப்பேன் என்று நின்றாள். சிவநேசனின் அக்கா இராஜம்மா தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "அது பெரியவளுக்கு எடுத்து வச்ச பேரு, அமுதா. வேற பாரேன்" என்றாள். அமுதவள்ளி கேட்கவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டு எடுத்த பெயர் வீணாகப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. இராஜம்மா குனிந்து சின்னவளின் காதில் மூன்று முறை சொன்னாள். அன்றிலிருந்து அமுதவள்ளி ஒரு நாளைக்கு நூறு முறை சொன்னாள். பாப்பா, குட்டி, அம்மு என்று யார் கொஞ்சினாலும் பிடிக்காது, முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயர் இல்லாமல் ஒன்று போனது போதும்.

ஆனால் மனசுக்குள் ஒரு முள். யாருடையதையோ எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்று.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் சீரிஸ் என்ற கல்லின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதன்முதலில் கண்டுபிடித்த சிறுகோள் அதுதான், இப்போது குறுங்கோள் என்கிறார்கள். கண்டுபிடித்த கையோடு சூரியன் பக்கம் மறைந்து தொலைந்தும் போனது, பிறகு கணக்குப் போட்டுத்தான் திரும்பப் பிடித்தார்கள். மகள் கேட்டாள், "தொலஞ்சிருந்தப்ப அது என்னம்மா பண்ணுச்சு?"

"சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அது எங்கயும் போகல. நாமதான் தொலச்சோம்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

போன வெள்ளிக்கிழமை அது கிடைத்தது. மூன்று நட்சத்திரங்கள் முக்கோணமாக நின்ற இடத்துக்கு இடப்பக்கம், மங்கலாக, பிடிவாதமாக, நாலு படத்திலும் ஒரே நேர்கோட்டில் ஊர்ந்த ஒரு புள்ளி. தேடல் குழுவின் எழுத்துகளையும் வரிசை எண்ணையும் போட்டு ரோகிணிக்கு அறிக்கையை அனுப்பினாள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எண் வராமல் பெயர் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அறைக் கதவைச் சாத்தினாள். மடிக்கணினித் திரையின் வலது ஓரத்தில், காது இருக்கக்கூடிய இடம் என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில், உதட்டைக் கொண்டுபோய் மூன்று முறை சொன்னாள். முப்பதாம் நாள் சொல்லவேண்டிய அந்தக் குரலில். பெரியவளுக்கு.

இடி இடித்தது. பழைய நினைப்பிலிருந்து மீண்டு, அமுதவள்ளி கணவனுக்கு அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"என்ன அமுதா? காத்து பலமா இருக்கு, மேல இருந்து இறங்கச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் வந்துருவேன் போல."

"உங்க மக பேரச் சொல்லுங்க."

"என்னது?"

"சும்மா சொல்லுங்களேன்."

மறுமுனையில் காற்றின் இரைச்சல். யாரோ மலாயில் கத்தினார்கள். "நம்ம மகதானே, என்ன இது. அவ பேரு..." அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "டயர்ட் லா. பன்னிரண்டு மணி நேரம் உக்காந்திருந்தா மூளையே ஓடாது. வீட்டுக்கு வந்து சொல்றேன், இரு."

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். பயம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் பயந்துபோனாள்.

மகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மகள் கட்டிலில் குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லி அழைக்கத் திறந்த வாயை அமுதவள்ளி மூடிக்கொண்டாள். திரும்பாவிட்டால்? அதை இன்னொரு முறை பார்க்கத் தைரியம் இல்லை.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து போன வெள்ளிக்கிழமைப் படங்களை எடுத்தாள். முக்கோணத்தைக் கண்டுபிடித்தாள். இடப்பக்கம் பார்த்தாள். ஒன்றுமில்லை.

புள்ளி முக்கோணத்தின் நடுவில் இருந்தது.

முதல் படத்தில் நடுவில். இரண்டாவதில் அதே இடம். மூன்றாவதில். நாலாவதில். ஒரு மயிரிழை நகரவில்லை. முதல் படத்தில் மங்கல், இரண்டாவதில் கொஞ்சம் தெளிவு, மூன்றாவதில் பக்கத்து நட்சத்திரங்களைவிட வெளிச்சம், நாலாவதில் மிளகு அளவு. கணினி மாற்றி மாற்றிக் காட்டியது. மங்கல், தெளிவு, வெளிச்சம், மிளகு. மங்கல், தெளிவு, வெளிச்சம், மிளகு. அது மூச்சு விடுவதுபோல் இருந்தது. எடுத்து முடித்து, அனுப்பி, ஒரு வாரம் ஆன படங்கள் அவை. அவை எப்படி மாறும்?

ரோகிணியை அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் ரோகிணி. "அன்னிக்கு நீ அனுப்புனத இப்பத்தான் திறந்து பார்த்தேன். அது நகரவே இல்லையே, அமுதா? நீ எப்படி இத சிறுகோள்னு போட்ட?"

"நகர்ந்துச்சு. நாலு படத்துலயும் நகர்ந்துச்சு."

"இல்ல லா. நட்சத்திரம் மாதிரி நிக்குது. ஆனா ஒண்ணு, அந்த இடத்துல பட்டியல்ல நட்சத்திரம் எதுவும் கிடையாது. கேமராவுல ஏதோ கோளாறா இருக்கும். அறிக்கையில இருந்து நான் எடுத்துட்டேன், வருத்தப்படாத."

அமுதவள்ளி குரலைத் தணித்துக்கொண்டாள். "ரோகிணி, ஒண்ணு கேக்குறேன். ஒரே பேர ரெண்டுக்கு வச்சா என்ன ஆகும்?"

"வைக்க விடமாட்டாங்க. ஒண்ணுக்கு இருந்தா இன்னொண்ணுக்குக் கிடையாது, அதுதான் ரூல்."

"தெரியாம வச்சிட்டா?"

"அப்ப ஒண்ணுகிட்ட இருந்து எடுத்துத்தான் ஆகணும். ஏன், என்னாச்சு? புளூட்டோ மாதிரி நினைக்காத, அதக் கோள் பட்டியல்ல இருந்துதான் எடுத்தாங்க, பேர விட்டுவச்சாங்க. இது வேற." ரோகிணி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பின்னணியில் யாரையோ அதட்டிவிட்டு, திரும்ப வந்தாள். "ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். உன் பொண்ணு எப்படி இருக்கா, ஷாமினி?"

சரளமாகச் சொன்னாள். தடுமாற்றமே இல்லை. அமுதவள்ளிக்கு உயிர் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கா, ரோகிணி. உள்ள படிச்சிட்டிருக்கா."

"ஓ, அந்தப் புள்ளையா? அது சரி. நான் பெரியவளக் கேட்டேன்."

மின்னலில் அழைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது போகவில்லை.

மழை வந்துவிட்டது. கிள்ளான் மழை, சொல்லிக்கொண்டு வராது, வந்தால் நிற்காது. துறைமுகம் மறைந்தது, எதிர் ஃப்ளாட் மறைந்தது, கீழே கார்களின் அபாய ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவி அடங்கின. ஐந்தரைக்கே வீடு இருண்டது. விளக்கைப் போடப் போனவளின் மூக்கில் அந்த வாசனை பட்டது. மழை வாசனை இல்லை, சம்பல் வாசனை இல்லை. சூடான நெகிழி, அதோடு சேர்ந்த டெட்டால், அதற்கடியில், ஆறிப்போன பால். பதினாறு வருடம் முன்பு கை கழுவி, பச்சை அங்கி மாட்டி, அரை மணி நேரம் மட்டும் அனுமதித்த அறையின் வாசனை.

எங்கிருந்து?

குளிப்பறை. இல்லை. அடுப்படி. இல்லை. பால்கனிப் பக்கம் போகப் போக அது கூடியது.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. சாத்தியதாக ஞாபகம். மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது அறையை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுசாக நனைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு. மழை அவள் மேல் சாய்வாக அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த திசையில், கறுத்த மேகத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி.

மேகத்துக்கு இந்தப் பக்கம்.

பாரந்தூக்கி விளக்கு என்று அமுதவள்ளி சொல்லிக்கொண்டாள். பாரந்தூக்கி அவ்வளவு உயரம் கிடையாது. விமானம். விமானம் என்றால் சிமிட்டும், சிவப்பும் பச்சையும் இருக்கும். இது சிமிட்டவில்லை. இடப்பக்கம் போகவில்லை, வலப்பக்கம் போகவில்லை. காற்று மரங்களையெல்லாம் போட்டு அலைக்கழித்தது, அது மட்டும் ஆடவில்லை.

மிளகு அளவு இருந்தது. பார்க்கப் பார்க்கச் சுண்டைக்காய் அளவு.

ஓடணும் என்று சிவநேசன் சொன்னது காதில் கேட்டது.

மகள் ஒரு காலைத் தூக்கிக் கம்பியின் கீழ்ப்பட்டையில் வைத்தாள். நன்றாகப் பார்ப்பதற்கு. அவ்வளவுதான், நன்றாகப் பார்க்கத்தான். இன்னொரு காலையும் வைத்தாள்.

கூப்பிட வேண்டும். பெற்றவள் வேறு என்ன செய்வாள்? நெஞ்சு முழுக்க அந்தப் பெயர்தான் இருந்தது. பல் இடுக்குவரை வந்துவிட்டது. கூப்பிட்டால் இவள் திரும்ப மாட்டாள். கூப்பிட்டால் அது வரும். இவளைக் கூப்பிட வேறொரு சொல் இல்லை, பாப்பா இல்லை, குட்டி இல்லை, பதினாலு வருடமாக ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

வாயைக் கடித்துக்கொண்டு ஓடினாள். ஈரத் தரையில் முழங்கால் மோதியது. இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். இருவரும் உள்ளே விழுந்தார்கள். எழுந்து கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, திரையை இழுத்துவிட்டாள். மகளின் உடம்பு ஐஸாகக் குளிர்ந்திருந்தது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். அழுதுகொண்டே துவட்டினாள்.

"ஏன்டி, ஏன்டி அங்க போன?"

"யாரோ வராங்கம்மா." பயமே இல்லாத குரல். "நம்ம வீட்டுக்குத்தான் வராங்க."

திரையைத் துளி விலக்கிப் பார்த்தாள். மழை. மேகம். புள்ளி இல்லை.

எங்கேயும் இல்லை. மேலே, கீழே, துறைமுகம் பக்கம், எங்கேயும். அமுதவள்ளி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். போய்விட்டது. என்னவோ, போய்விட்டது. வீட்டில் அந்த வாசனை மட்டும் குறையவில்லை.

இப்போதே சரி செய்துவிட வேண்டும். எடுத்துக் கொடுத்தவள் அவள்தானே, திரும்ப வாங்கிக் கொடுக்கவும் அவளால் முடியும். பெரியவளுக்கு வேறு பெயர், எவ்வளவு அழகான பெயர் வேண்டுமானாலும். இது சின்னவளுடையது. சோபாவில் உட்கார்ந்து, மகளை மடியில் இருத்தி, துண்டைச் சுற்றி, ஈர முடியை ஒதுக்கி, வலது காதில் உதட்டை வைத்தாள்.

"ஷாமினி."

மகளின் அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

காற்று. ஜன்னல் திறந்திருக்கும். நிறுத்தக் கூடாது. மூன்று முறை சொன்னால்தான் சேரும்.

"ஷாமினி."

அந்த அறையில் காலடி. வெறுங்கால். ஓர் அடி, இன்னொரு அடி. புதிதாக நடக்கப் பழகியதுபோல.

மடியில் இருந்தவள் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய பெயரோ அது என்பதுபோல், மரியாதையாக, காத்துக்கொண்டு.

நிறுத்து. இல்லை, இன்னும் ஒன்றுதான். ஒன்றே ஒன்று. நிறுத்து.

"ஷாமினி."

"என்னம்மா?"

அறைக்குள்ளிருந்து. அதே குரல். வெள்ளரிக்காயை ஒதுக்குபவளின் குரல், என் பேருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டவளின் குரல். மடியில் இருந்தவளின் உதடு அசையவில்லை.

அமுதவள்ளி அவளை இறுக்கிக்கொண்டாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. பாதி திறந்திருந்த கதவு. அதன் கீழ் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். அந்த அறையில் மகள் விளக்குப் போட்டிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை விட்டது. பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது. வாசல் கிரில்லில் சாவி சுழன்றது.

சிவநேசன் மழைக்கோட்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தான். காலணியைக் கழற்றினான். அவன் வந்த சத்தம், அவன் வியர்வை வாசனை, கையில் தொங்கிய ரொட்டி சானாய்ப் பொட்டலம். எல்லாம் அவ்வளவு சாதாரணமாக இருந்ததில் அமுதவள்ளிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, அறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஷாமினி, அப்பா வந்துட்டேன். சாப்பிட்டியா?"

தடுமாற்றமே இல்லை.

"சாப்பிட்டேன்ப்பா. இதோ வரேன்."

"பாத்தியா அமுதா, பேர் ஞாபகம் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே அவன் விளக்கைப் போட்டான். சோபாவைப் பார்த்தான். மனைவியின் மடியில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, புருவம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. அந்நியர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கும் நல்ல மனிதனின் முகம்.

"பாவம், இப்படி நனஞ்சிருக்கு. யாரு வீட்டுப் புள்ள இது?"

அமுதவள்ளி குனிந்து மகளின் கையைப் பிடித்தாள். துண்டு விலகிய இடத்தில், மணிக்கட்டில், நனைந்து மஞ்சளேறிய ஒரு நெகிழிப் பட்டை இறுகக் கட்டியிருந்தது. பிறந்த குழந்தையின் கைக்கு அளவெடுத்தது. சதைக்குள் புதைந்திருந்தது. எழுத்து அழியவில்லை. அமுதவள்ளியின் குழந்தை. கீழே ஓர் எண்.

அந்தப் பெண் தாயை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், கூப்பிடுவாள் என்று.

அறைக் கதவு மெல்லத் திறந்தது. இடுக்கில் இருந்த வெளிச்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடவில்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது.